வண்டலைத் தேடி மேட்டுக்குப் போவோம்

கோவையிலும் திருப்பூரிலும் குழாயைத் திறந்தால் விழும் தண்ணீரில் ஒரு பங்கு பில்லூர் அணையிலிருந்து வருகிறது. மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, காட்டுக்கு நடுவில், பவானி ஆற்றை மறித்துக் கட்டிய அணை அது. கணக்கில் அதன் நீர்மட்டம் 100 அடி. அந்த 100 அடியில் கீழ்ப்பகுதியைப் பல்லாண்டுகளாக வந்து படிந்த வண்டல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோடையில் தண்ணீர் குறையும்போது ‘பில்லூரைத் தூர்வாருங்கள்’ என்ற குரல் எழுகிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்து அணை நிரம்பியதும் ஓய்ந்துவிடுகிறது. தூர்வார வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இந்த மண் எந்த மலையில், எந்தச் சரிவில், எந்த மாதத்தில் கிளம்பி வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் தூர்வாரினால், அள்ளிய இடத்தை அடுத்தடுத்த மழைக்காலங்கள் மீண்டும் நிரப்பிவிடும்.

பில்லூருக்கு மேலே இருப்பது நீலகிரியின் குந்தாப் பள்ளத்தாக்கு. 1950-களின் நடுவில் கனடா நாட்டு உதவியுடன் இங்கே நீர்மின் திட்டம் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, குந்தா என்று அணைகள், கெத்தை, பரளி என்று மலையோடு கீழிறங்கும் மின் நிலையங்கள், பிறகு பில்லூர். அதையும் தாண்டி இறங்கும் தண்ணீர் பவானிசாகரில் தேங்கி, கீழ்பவானிப் பாசனத்தில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. மின்சாரம், குடிநீர், நெல், மஞ்சள் எல்லாம் இந்தச் சரிவுகளை நம்பி இருக்கின்றன. இத்தலார் பக்கம் ஒரு கேரட் தோட்டத்தில் ஒரு பெருமழைக்குக் கரைந்து ஓடையில் இறங்கும் செம்மண், வழியில் ஏதோ ஓர் அணையின் அடியில் போய் உட்காருகிறது.

அந்த மண் எங்கே அதிகமாகக் கிளம்புகிறது என்பதை ஓரளவு கணக்கிட்டுச் சொல்ல முடியும். மண் அரிப்பு அபாய வரைபடம் என்பது அதுதான். மழை எவ்வளவு வேகமாக அடிக்கிறது, மண் எவ்வளவு சுலபமாகக் கரைகிறது, சரிவு எவ்வளவு செங்குத்து, எவ்வளவு நீளம், மண்ணை மூடி நிற்பது என்ன, உழவர் என்ன தடுப்பு செய்து வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாவற்றையும் பெருக்கினால், ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகக்கூடும் என்ற மதிப்பீடு கிடைக்கும். அமெரிக்காவில் வால்ட்டர் விஷ்மியரும் ட்வைட் ஸ்மித்தும் 1965-ல் வெளியிட்டு, 1978-ல் திருத்திக் கொடுத்த சமன்பாடு இது. இன்று செயற்கைக்கோள் படங்களையும் கணினியையும் வைத்து, ஒரு நீர்வடிப்பகுதி முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு நிறம் பூசுகிறார்கள். குறைவு என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், அபாயம் என்றால் சிவப்பு.

டன் கணக்கில் சொன்னால் பலருக்கு அளவு பிடிபடாது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மண்ணை வழித்தெடுத்தால் அது ஏறத்தாழ 13 டன் எடை இருக்கும். இந்தியாவில் சராசரியாக ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 16 டன்னுக்குச் சற்று அதிகமாக மண் பெயர்கிறது என்று 1983-ல் துருவநாராயணா, ராம்பாபு என்ற இரு விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். அதாவது நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். உழவர் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால்தான் நடப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். அந்த மதிப்பீட்டின்படி ஓராண்டில் பெயரும் மொத்த மண் 533 கோடி டன். அதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது, 10 சதவீதம் அணைகளில் தங்குகிறது, மீதி நிலத்திலேயே ஓரிடம் விட்டு ஓரிடம் நகர்கிறது. அணையில் தங்கும் அந்தப் பத்தில் ஒரு பங்குதான் நம் விவாதத்துக்கே வருகிறது. மீதி யாருடைய வயலிலிருந்து போனதோ, அவருக்கு மகசூல் குறைவாகவும் உரச் செலவு கூடுதலாகவும் மட்டுமே தெரிகிறது.

நீலகிரிக்கு இந்த அறிவு புதிதன்று. ஊட்டியில் மண், நீர் பாதுகாப்பு ஆய்வு மையம் 1954-லேயே வந்துவிட்டது. உருளைக்கிழங்கைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் போட்டு நட்டால் எவ்வளவு மண் போகிறது, குறுக்கே நட்டால் எவ்வளவு மிஞ்சுகிறது, உட்புறம் சாய்ந்த படித்தளம் அமைத்தால் எவ்வளவு காப்பாற்றப்படுகிறது என்பதையெல்லாம் அந்த மையத்தினர் நிலத்தில் அளந்து சொன்னவர்கள். அகில இந்திய மண் மற்றும் நிலப் பயன்பாட்டு ஆய்வு நிறுவனம் 1958-ல் தொடங்கியது. அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டிலிருந்து வண்டல் அதிகம் வருமோ அதற்கே முதல் வேலை என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது அதன் கடமைகளில் ஒன்று. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் வந்த நதிப் பள்ளத்தாக்குத் திட்டத்தில் குந்தாவும் சேர்க்கப்பட்டது. நாடு முழுவதையும் 3,237 நீர்வடிப்பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடத் தொகுப்பு 1990-ல் வெளிவந்துவிட்டது. எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு அறுபது ஆண்டு அனுபவம் நம்மிடம் இருக்கிறது. வேலை அந்த வரிசையில் நடக்கிறதா என்பதுதான் என் கவலை.

அதற்குள் போவதற்கு முன், வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கணினியில் வரைந்த படம் என்றாலே அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அலுவலகங்களில் வளர்ந்துவருகிறது. அது ஆபத்தானது.

மேலே சொன்ன சமன்பாடு, அமெரிக்காவில் 49 இடங்களில் வயல்களில் அளந்த தரவுகளிலிருந்து பிறந்தது. அதன் மாதிரி வயல் 22.13 மீட்டர் நீளம், 9 சதவீதச் சரிவு. அதாவது 100 அடி போனால் 9 அடி ஏற்றம். குந்தாவில் 100 அடிக்கு 45 அடி ஏறும் நிலத்திலும் காய்கறி விளைகிறது. அந்தச் சரிவுக்குப் பிற்காலத்தில் திருத்திய சூத்திரத்தைப் போட்டால், மாதிரி வயலில் 1 என்று இருக்கும் சரிவு எண் 6-ஐத் தாண்டுகிறது. திசை சரிதான், சரிவு கூடக் கூட மண் வேகமாகப் போகும். ஆனால் அந்த 6 என்பது நம் மலையில் அளந்து பார்த்த எண்ணா என்று கேட்டால், பெரும்பாலான வரைபடங்களுக்கு விடை ‘இல்லை’ என்பதே.

மழையில் இன்னும் பெரிய ஓட்டை இருக்கிறது. மழையின் அரிப்பு வலிமையை அறிய நிமிடக் கணக்கில் பதிவு செய்யும் மழைமானி வேண்டும். அது எல்லா ஊரிலும் இல்லை. அதனால் நம் நாட்டில் பலரும் ஒரு சுருக்குவழியைப் பின்பற்றுகிறார்கள்: ஆண்டு மழையளவை 0.363-ஆல் பெருக்கி 79-ஐக் கூட்டினால் மழைக்கான எண் வந்துவிடும். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் பெய்யும் எந்த ஊருக்கும் இது சுமார் 624 என்றே வரும். நூறு நாள் தூறலாகப் பெய்தாலும் சரி, நான்கு நாள் கொட்டித் தீர்த்தாலும் சரி, எண் மாறாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாள் மழை 80 சென்டிமீட்டரைக் கடந்தது. ஒரு தலைமுறையின் மண்ணை ஓரிரவில் இறக்கிவிடக்கூடிய மழை இது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்த இரவுகள் காணாமல் போகின்றன.

அடுத்தது கட்டத்தின் அளவு. வழக்கமாகப் பயன்படும் நில உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். மலையில் பலருடைய நிலமே அவ்வளவுதான். அந்த 22 சென்ட்டுக்குள் ஒருவர் கல் வைத்துக் கட்டிய படித்தளம், அடுத்தவர் வெட்டிய வடிகால், ஓரத்தில் நட்ட புல் வரிசை எதுவும் படத்தில் தெரியாது. பாட்டன் காலத்தில் கட்டிய படியை ஆண்டுதோறும் செப்பனிட்டு வருபவரின் நிலமும், நேற்று பொக்லைன் வைத்துச் சரிவை வழித்தவரின் நிலமும் ஒரே சிவப்பில் இருக்கும். மண் வகைத் தகவல் இதைவிடப் பரும்படியானது: பல ஆய்வுகளில் எடுத்தாளப்படும் மண் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரைக் கிலோமீட்டர்.

பருவமும் சிக்கல்தான். சாதாரணச் செயற்கைக்கோள் படம் மேகத்தைத் தாண்டிப் பார்க்காது. ஆகவே வரைபவர்கள் வானம் தெளிந்த ஜனவரி, பிப்ரவரி மாதப் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மண் போவதோ மழை பெய்யும் மாதங்களில். நீலகிரியில் கோடை மழையை ஒட்டி நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி விதைப்பார்கள். மண் இளகி, மேலே ஓர் இலைகூட இல்லாமல் கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான் மிகப் பெரிய அபாயம். ஜனவரி மாதத்துப் பயிரைப் பார்த்து ‘மூடாக்கு உண்டு’ என்று எண் கொடுத்தால், மே மாதத்து வெற்று மண்ணை அது மறைத்துவிடும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் இப்போது இருக்கின்றன. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 ஜூலையில் செலுத்திய நிசார் அவற்றில் ஒன்று. இனியாவது மழைக்கால நிலத்தை மழைக்காலத்திலேயே பார்த்து வரைய வேண்டும்.

இந்தச் சமன்பாடு கணக்கில் எடுப்பதெல்லாம் மழைத்துளி பெயர்க்கும் மண்ணையும், சிறு சிறு சால்களில் ஓடும் நீர் அடித்துப்போகும் மண்ணையும்தான். ஓடைக்கரை இடிவது அதில் இல்லை. சாலைக்காக மலையை வெட்டி, வெட்டிய மண்ணைச் சரிவிலேயே தள்ளிவிடுவது இல்லை. நிலச்சரிவு இல்லை. நீலகிரியில் நிலச்சரிவு அபாயம் உள்ள இடங்கள் என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைக் கண்டறிந்து வைத்திருக்கிறது. அது தனிக் கணக்கு, தனிப் படம். மண் அரிப்புப் படத்தில் பச்சையாக இருக்கும் இடம் சரியவே சரியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2009-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனவை நிலச்சரிவுகள்.

இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு, அந்த வரைபடம் வேண்டும் என்றே நான் வாதாடுகிறேன். காரணம் எளியது. ‘இந்த நிலத்தில் ஆண்டுக்கு 38 டன் போகிறது’ என்று அது சொன்னால் நம்பத் தேவையில்லை. ‘இந்த இருபது ஓடைகளில் முதலில் கவனிக்க வேண்டியவை இந்த நான்கு’ என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எண் தவறினாலும் வரிசை அவ்வளவாகத் தவறாது. அரசுக்குத் தேவை அந்த வரிசைதான். கையில் இருக்கும் பணம் எல்லாச் சரிவுக்கும் போதாது. எங்கே போட்டால் ஓர் அடி வண்டலாவது குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு செலவிட வேண்டும்.

செலவு அப்படி நடப்பதில்லை. நீர்வடிப்பகுதி மேம்பாடு என்ற பெயரில் நடக்கும் பணிகளை மலையிலும் சமவெளியிலும் பார்த்துவருகிறேன். வண்டி போகும் பாதையை ஒட்டிய ஓடையில் தடுப்பணை. அதன் பக்கத்தில் தொகை எழுதிய பலகை. அடுத்த ஊராட்சிக்கும் அதேபோல் ஒன்று, அதற்கடுத்த ஊராட்சிக்கும் ஒன்று. ஒவ்வோர் ஊருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி பிரதிநிதிகளுக்கு இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மேலே சரிவு அப்படியே கிடக்க, கீழே ஓடையில் கட்டும் தடுப்பணை சில மழைக்குள் வண்டலால் நிரம்பி மேடாகிவிடுகிறது. பிறகு அதைத் தூர்வார இன்னொரு மதிப்பீடு. முகட்டிலிருந்து பள்ளத்துக்கு வேலை செய்து வர வேண்டும் என்பது 1994-ல் ஹனுமந்த ராவ் குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த வழிகாட்டுதல்களிலிருந்தே எழுத்தில் இருக்கும் விதி. முகட்டுக்குச் சாலை இல்லை, திறப்பு விழா நடத்த இடம் இல்லை. அங்கே செய்ய வேண்டிய வேலைகளும் சிறியவை: சம உயரக் கோட்டில் விட்டுவிட்டு வெட்டும் குழிகள், கல் அடுக்குகள், புல் வரிசைகள். ஒப்பந்ததாரருக்கும் அவற்றில் பெரிய தொகை இல்லை. ஆகவே விதி தாளில் நின்றுவிடுகிறது.

வண்டலின் பிறப்பிடத்தைத் தேடிப் போனவர்களின் கதை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சண்டிகர் நகரத்துக்காக 1958-ல் உருவான சுக்னா ஏரி, இருபது ஆண்டுக்குள் பாதிக்கும் மேல் தூர்ந்துபோனது. ஏரியைத் தோண்டுவதோடு நிறுத்தாமல், மண் பாதுகாப்பு ஆய்வு மையத்தின் பி.ஆர்.மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் மண் வரும் வழியைப் பிடித்துக்கொண்டு சிவாலிக் குன்றுகளுக்கு ஏறினார்கள். சுகோமாஜ்ரி என்ற சிற்றூரை ஒட்டிய மொட்டைக் குன்றுகளில் போய் நின்றார்கள். மரம் நட்டார்கள், தடுப்புகள் கட்டினார்கள். ஊரார் மாடும் ஆடும் மேய்ந்து எல்லாம் வீணானது. வேறு வழியில்லாத மக்களிடம் ‘மேய்க்காதீர்கள்’ என்று சொல்லிப் பயனில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 1976-ல் அந்த ஊருக்கே ஒரு சிறு மண் அணை கட்டினார்கள். அதில் தேங்கிய தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. நிலமில்லாத குடும்பத்துக்கும் தண்ணீரில் சமபங்கு என்று ஊர் முடிவு செய்தது. அதன் பிறகு குன்றில் மேய்ச்சலை நிறுத்தியவர்கள் அந்த ஊர் மக்களே. புல் வளர்ந்தது, மண் நின்றது, ஏரிக்கு வரும் வண்டல் குறைந்தது. எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை ஆய்வு காட்டியது. எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ஊர் காட்டியது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சுக்னா ஏரிக்கு விடிவு இல்லை.

குந்தாவில் அதே கேள்வி வேறு வடிவில் நிற்கிறது. சிவப்புக் கட்டத்தில் இருப்பது யாருடைய நிலம்? நீலகிரியில் காய்கறி விளையும் நிலத்தில் கணிசமான பகுதி குத்தகையில் இருக்கிறது. உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார். மண்வெட்டி பிடிப்பவர் ஓராண்டு, ஈராண்டு வாய்மொழிக் குத்தகைக்காரர். படித்தளம் அமைக்கும் செலவு அவர் கையை விட்டுப் போகும். பலன் கிடைக்கும் நேரத்தில் நிலம் வேறொருவரிடம் இருக்கும். அவர் அதைச் செய்யவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் அழுகல் வராமல் இருக்க நீர் சட்டென வடிய வேண்டும் என்பதற்காகப் பாரைச் சரிவின் போக்கில் போடுகிறார்கள். அதுவும் அனுபவத்தில் வந்த முடிவுதான். நீர் வடியவும் வேண்டும், மண் நிற்கவும் வேண்டும் என்றால் படித்தளத்தோடு கல் பதித்த வடிகாலும் சேர்ந்து வர வேண்டும். தனி ஒருவரால் ஆகிற காரியமா அது? மேல் நிலத்துக்காரரின் வடிகால் கீழ் நிலத்துக்காரரின் தோட்டத்தில் திறந்தால் இருவருக்கும் வழக்குதான் மிஞ்சும். ஒரு சரிவு முழுவதற்கும் சேர்த்துத் திட்டமிட்டால் மட்டுமே வடிகால் ஓடையைச் சென்று சேரும்.

தேயிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்கு படர்ந்து மூடிய தேயிலை, மண்ணுக்கு நல்ல போர்வை. உருளைக்கிழங்கை விட்டுச் சிறு விவசாயிகள் ஏராளமானோர் தேயிலைக்கு மாறிய காலத்தில் பல சரிவுகளில் மண் அரிப்பு குறைந்திருக்கும். பசுந்தேயிலை விலை ஆண்டுக்கணக்கில் கட்டுப்படியாகாமல் போகும்போது, செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட்டோ பீட்ரூட்டோ போடுகிறார்கள். ஒரே பருவத்தில் அந்த நிலம் பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்துவிடும். எந்த மண் ஆய்வு மையமும் பசுந்தேயிலை விலையை அரிப்புக் காரணியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் குந்தாவைப் பொறுத்தவரை அது மழையைப் போலவே முக்கியமான காரணி. சிறு தேயிலை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கச் செய்வது மண் பாதுகாப்பு நடவடிக்கை என்றே நான் சொல்வேன்.

பச்சை நிறத்தை மட்டும் குறிவைத்து ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் நீலகிரியிலேயே பாடம் இருக்கிறது. புல்வெளிகளில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் சீகையும் நட்ட காலம் ஒன்று உண்டு. க்ளென்மார்கனில் ஊட்டி மையம் இரண்டு சிறு நீர்வடிப்பகுதிகளை அருகருகே வைத்து அளந்தபோது, கற்பூர மரம் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. மண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று ஓடையை வற்றவைத்துவிடக் கூடாது. சோலையும் புல்வெளியும் இருந்த முகடுகளில் அவற்றையே மீட்பதுதான் சரியான வழி.

இந்த வேலைகளுக்கு யார் பணம் கொடுப்பது என்பதைத் தயங்காமல் பேச வேண்டும். மண் நின்றால் பயன் பெறுபவர்கள் மலை விவசாயி மட்டும் அல்லர். கோவை, திருப்பூர் மாநகராட்சிகள் பில்லூர்த் தண்ணீரை எடுக்கின்றன. மின் வாரியம் குந்தாவிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. கீழ்பவானி ஆயக்கட்டுக்காரர்களுக்கு அணையின் ஒவ்வோர் அடியும் ஒரு நனைப்புத் தண்ணீர். குடிநீர்க் கட்டணத்திலும் நீர்மின் வருவாயிலும் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து, அந்தத் தண்ணீர் பிறக்கும் நீர்வடிப்பகுதிக்கே திருப்பிக் கொடுப்பதில் என்ன தடை? தூர்வாரக் கோடிகளில் மதிப்பீடு போடும் துறைகள், அந்த வண்டல் கிளம்பாமல் இருக்க ஆண்டுதோறும் செலவிடுவது வீண் என்று சொல்ல முடியாது. குத்தகைதாரர் படித்தளம் அமைத்தால் அந்த மானியம் அவர் கைக்கே போக வேண்டும். பட்டா இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக அபராதம் போடவோ, சிறு விவசாயியை வெளியேற்றவோ அதைப் பயன்படுத்தினால், அடுத்த முறை யாரும் அளவெடுக்க நிலத்தில் கால்வைக்க விடமாட்டார்கள். அது வேலைக்கான வரிசைப் பட்டியலாக இருக்கட்டும். குற்றப் பட்டியலாக ஆகக் கூடாது.

அதற்கு வரைபடம் முதலில் மக்கள் கண்ணில் பட வேண்டும். இத்தகைய படங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்களிலும் ஏராளமாக இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஊர்ப் பெயரோ சர்வே எண்ணோ இல்லாமல், நிறத் திட்டுகளாக. ஓர் ஊராட்சி அலுவலகச் சுவரில் அப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. தமிழில், சர்வே எண், ஓடைப் பெயர், கோயில், பள்ளிக்கூடம் குறித்து வரைந்து கொடுத்தால் எந்த விவசாயிக்கும் அது புரியும். ‘இது தப்பு, இங்கே நாங்கள் படி கட்டியிருக்கிறோம், நிஜமான அரிப்பு அந்தச் சாலை வளைவுக்குக் கீழேதான்’ என்று அவரே திருத்திக் கொடுப்பார். மகாராஷ்டிரத்தில் 1990-களிலிருந்து ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நிலத்துக்குரிய கணவன், மனைவி இருவரையும் நிறுத்தி, அவர்களோடு பேசி அந்த நிலத்துக்கான மண் பணியைத் தீர்மானிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. வரைபடம் காட்டிய இடத்துக்கு நடந்துபோய், நிலத்தில் வேலை செய்பவரிடம் கேட்டு எடுக்கும் முடிவுதான் நிற்கும். களையெடுப்பதும் கொத்துவதும் பெண்கள் என்பதால், மண் எங்கே இளகி ஓடுகிறது என்பதை அவர்களே முதலில் சொல்வார்கள்.

கூடவே அளக்கவும் வேண்டும். குந்தாவில் சேரும் முக்கியமான ஓடைகளில் மழைநாளில் கலங்கல் நீரை எடுத்து மண்ணை வடிகட்டி எடைபோடுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊதியத்துக்கு அமர்த்தலாம். மேலே வேலை செய்த ஓடையில் மூன்று பருவத்தில் கலங்கல் குறைந்ததா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும். குறையவில்லை என்றால் வரைபடம் தவறு அல்லது வேலை தவறு. எத்தனை தடுப்பணை கட்டினோம் என்ற கணக்கால் இதைச் சொல்ல முடியாது.

இப்போது குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் வருகிறது. போர்த்திமந்து மேல் நீர்த்தேக்கம், அவலாஞ்சி–எமரால்டு கீழ் நீர்த்தேக்கம். ஒரே தண்ணீரை மேலும் கீழும் மாற்றி மாற்றி ஓட்டும் திட்டத்துக்கு, அந்தத் தேக்கங்களில் வண்டல் குறைவாக இருப்பது உயிர்நாடி. இவ்வளவு பெரிய முதலீடு செய்யும் மின் வாரியம், எமரால்டுக்கும் அவலாஞ்சிக்கும் வடியும் சரிவுகளின் மண் அரிப்பு வரைபடத்தைச் சர்வே எண் வாரியாக வெளியிட்டு, முகட்டு வேலைகளுக்கான தொகையையும் ஒதுக்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையும் ஊட்டி ஆய்வு மையமும் அதைச் செய்து கொடுக்கும் திறன் உள்ளவை.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று தமிழகம் முழுவதும் கிராம சபை கூடுகிறது. பேரூராட்சிகளில் பகுதி சபை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக்கு அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் உண்டு. குந்தா வட்டத்தின் ஒவ்வொரு சபையிலும் அந்த ஊர்ச் சரிவுகளின் வரைபடத்தை மேசையில் விரித்து, எந்த ஓடையில் முதல் வேலை என்று தீர்மானம் எழுத வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் பில்லூர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள், தங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அந்தத் தீர்மானத்துக்கு மாநகராட்சி எவ்வளவு கொடுக்கப்போகிறது என்று கேட்க வேண்டும்.